வாசகர் கேள்வி: ஆற்றங்கரைச் சிற்றூரில் ஒரு திரைப்பட விழா

கேள்வி: திரைப்பட விழா என்றாலே பெருநகரங்கள்தாம் பேசப்படுகின்றன. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஓர் ஆற்றங்கரை ஊரில், வணிகச் சினிமாவைச் சாராத படங்களுக்கான விழா ஆண்டுதோறும் நிலைத்து நடக்க முடியுமா?

பதில்: முடியும். போலந்தில் விஸ்துலா ஆற்றின் வலக்கரையில் இருக்கும் காசிமியெஷ் டோல்னி என்ற ஊரில் 2007-ஆம் ஆண்டு முதல் 'இரு கரைகள்' என்ற திரைப்பட, கலை விழா நடந்து வருகிறது. தொலைக்காட்சியில் சினிமா பற்றிய நிகழ்ச்சிகளை வழங்கிப் புகழ்பெற்ற கிராஷினா தோர்பிட்ஸ்கா இதன் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றவர். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கிதான்ஸ்க் துறைமுகத்துக்குப் படகுகளில் தானியம் அனுப்பிச் செழித்த இவ்வூரில் இன்றைக்கும் பழைய தானியக் களஞ்சியங்கள் ஆற்றோரமாக நிற்கின்றன. ஊருக்குள் ரயில் வராது; சில மைல் தொலைவிலுள்ள புவாவி நிலையத்தில் இறங்கிச் சாலை வழியாகத்தான் வர வேண்டும்.

பெயரில் உள்ள இரு கரைகள் வெறும் உருவகம் அல்ல. எதிர்க்கரையிலுள்ள யனோவியெத்ஸ் ஊரும் விழாவில் பங்குகொள்வதால், கோடையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடும் தட்டைப் படகு, பார்வையாளர்களுக்கும் விழாவின் ஓர் அங்கமாகிவிடுகிறது. ஆற்றில் நீர் மிகவும் வற்றிவிட்டால் அந்தப் படகு நின்றுவிடும். பிறகு பாலத்தைத் தேடி நெடுந்தூரம் சுற்ற வேண்டியதுதான். பகலில் பெரிய கூடாரங்களுக்குள் படங்கள் திரையிடப்படுகின்றன. யனோவியெத்ஸ் குன்றின்மேல் சிதைந்து நிற்கும் கோட்டையின் முற்றத்தில் திறந்தவெளித் திரையிடலும் உண்டு. ஜூலைக் கடைசியில் அங்கே எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் மறைவதால், படம் தொடங்க இருட்டும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். பார்வையாளரும் இயக்குநரும் ஒரே புல்வெளியில் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது இந்தக் காத்திருப்பினால்தான் என்று நான் நினைக்கிறேன். பத்துத் திரையரங்குகளுக்கு இடையே ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பெருநகர விழாவில் இது அரிது.

கேள்வி: அப்படியானால் வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்த விழாதானே அது? அந்த ஊருக்கும் சினிமாவுக்கும் என்ன உறவு?

பதில்: விழாவைவிட அந்த உறவு மிகவும் மூத்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் யூதர்கள். இத்திஷ் மொழியே அவர்களது பேச்சுமொழி. 1936-இல் ஜோசப் கிரீன் எடுத்த 'யிட்ல் மிட்ன் ஃபிட்ல்', 1937-இல் மிஹாவ் வஷின்ஸ்கி எடுத்த 'தி திபுக்' ஆகிய இரண்டு இத்திஷ் படங்களுக்கும் இவ்வூரின் தெருக்களே வெளிப்புறக் காட்சிகளைத் தந்தன. 1942-இல் நாஜிகள் அந்த மக்களை ஊரைவிட்டு வெளியேற்றி அழித்தார்கள். எனவே அப்படங்களில் நாம் பார்க்கும் சந்தையும் சந்தும், நொறுக்கப்பட்ட ஒரு வாழ்க்கையின் கடைசிச் சாட்சியங்களில் அடங்கும்.

போரில் சிதைந்துபோன அவ்வூர் யூதத் தொழுகைக் கூடத்தை 1953-இல் திரும்பக் கட்டியபோது, தொழுவதற்கு அங்கே எவரும் இல்லை. விஸ்துலா ஆற்றின் போலிஷ் பெயரான 'விஸ்வா'வையே சூட்டி அதை ஒரு திரையரங்காக மாற்றிவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் பல ஆண்டுகள் அங்கேதான் படம் பார்த்தார்கள். அந்தக் கல் கட்டடம் பிற்பாடு யூத சமூகத்தின் கைக்கே திரும்பியது. விழாவுக்குச் செல்கிறவர் கூடாரத்துக்குள் நுழைவதற்கு முன், சந்தைச் சதுக்கத்திலிருந்து சிறிது தூரமே உள்ள அந்தக் கட்டடத்தின் முன் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.