அப்பாவின் படைப் பதிவில் பெயரும் பதக்கமும் தவறு: எங்கே திருத்துவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்த உங்கள் அப்பாவுக்கு, படையிலிருந்து விலகும்போது தந்த விடுவிப்புப் புத்தகத்தில் ஒரு பெயர், ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னொரு பெயர். பதக்கமும் பதிவாகவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அவர் எந்தப் படையில் இருந்தார் என்று பாருங்கள். 1948 ஜூன் 16-இல் அங்கே தோட்ட மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, நம் ஆட்கள் பலர் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார்கள். அது போலீஸ் படை. இராணுவத்தில் தேடினால் கிடைக்காது, காவல்துறையில்தான் கேட்க வேண்டும். இராணுவம் என்றால், தற்காப்பு அமைச்சின் கீழுள்ள முன்னாள் படைவீரர் விவகாரத் துறையில் (ஜே.எச்.இ.வி.) கேளுங்கள்.

என் தாத்தாவுக்கும் இதே சிக்கல்தான். கிராணி (தோட்டத்து எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய பெயர், கடைசிவரை ஒட்டிக்கொண்டது. எங்களுக்குக் கைகொடுத்தது பதக்கம். ஊதா நாடா, நடுவில் ஒரே பச்சைக் கோடு. விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம்: எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருந்தது. அது பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம்; அதைப் பற்றிய கேள்வி பிரிட்டன் தற்காப்பு அமைச்சுக்குப் போக வேண்டும். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மங்கிவிடும்.

பெயர் வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் (பெசுருஜாயா சும்பா) முன்னால் சத்தியப் பிரமாணம் செய்யுங்கள். பிறப்புப் பத்திரம், ஐசி, விடுவிப்புப் புத்தகம் எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள். அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். அப்புறம், கடிதத்தில் சேவை எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள். பெயர் மாறியிருந்தாலும் எண்ணை வைத்துத் தேடலாம்.