தேய்த்தால் தடிக்கும் புள்ளிகள்

கேள்வி: மகனுக்கு 14 மாதம். நாலாம் மாதத்திலிருந்து முதுகிலும் வயிற்றிலும் பழுப்புப் புள்ளிகள். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டினால் கொசு கடித்ததுபோல் தடிக்கின்றன. பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைத்ததால் வந்த கரப்பான் என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் தேன்பெட்டி வைத்திருக்கிறார். பயமாக இருக்கிறது.
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தேன்மேல் பழி போட வேண்டாம் அம்மா. கரப்பான் மாதிரியும் தெரியவில்லை. அதில் தோல் வறண்டு சொரசொரக்கும், சில சமயம் நீர் வடியும். எனக்குப் பட்டது அந்த எண்ணெய்க் குளியல்தான். தேய்த்த சில நிமிடங்களில் புள்ளி இருக்கும் இடம் மட்டும் சிவந்து தடிப்பதை ‘டாரியர் அறிகுறி’ என்பார்கள். தோல் மருத்துவர் விரலால் தேய்த்துப் பார்ப்பதை நீங்கள் தெரியாமலே தினமும் செய்து வந்திருக்கிறீர்கள்.

இது ‘அர்ட்டிகேரியா பிக்மென்டோசா’வாக இருக்கலாம். அரிதான நோய்தான். தோலில் மாஸ்ட் செல்கள், அதாவது ஒவ்வாமையைக் கிளப்பும் செல்கள், அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். உரசினாலோ சூடுபட்டாலோ அவை ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். அதனால்தான் அரிப்பும் தடிப்பும். கைக்குழந்தைகளுக்குக் கொப்புளம்கூட வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பொதுவாக வராது. ஒட்டாது. பெரும்பாலும் பரம்பரையாகவும் வராது. அந்தச் செல்களின் ‘கிட்’ மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். குழந்தைப் பருவத்தில் வருவது பலருக்கும் வயதுக்கு வருவதற்குள் மங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு வந்தால் எலும்பு மஜ்ஜை வரை பார்க்க வேண்டியிருக்கும், அது வேறு கதை.

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் சிறு துண்டு தோல் எடுத்துச் சோதிப்பார். மாஸ்ட் செல்கள் வெளிவிடும் டிரிப்டேஸ் என்ற புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லலாம். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எண்ணெயை அழுத்தித் தேய்க்காமல் தடவி விடுங்கள். காய்ச்சலுக்கோ வலிக்கோ மருந்து வாங்கும்போது இந்தப் புள்ளிகளைப் பற்றி முதலிலேயே சொல்லுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், கோடீன் போன்றவை சிலருக்கு மாஸ்ட் செல்களைக் கிளறிவிடும்.

சரி, தேன்பெட்டிக்கு வருவோம். மாஸ்ட் செல் நோய் இருப்பவர்களைத் தேனீ கொட்டினால் உடம்பு முழுக்கக் கடும் ஒவ்வாமை வரலாம். நோய் தோலோடு நின்றுவிடும் குழந்தைகளுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் முற்றத்தில் இருக்கும் பெட்டிகளை ரப்பர் தோட்டத்துக்குள் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ரப்பர் துளிர்த்துத் தேன் எடுக்கும் மாசி, பங்குனியில் பிள்ளையை அந்தப் பக்கமே விடாதீர்கள். கொட்டி, முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அட்ரினலின் ஊசி தேவைப்படும்.

அப்புறம், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ‘தடிக்கிறதா பார்ப்போம்’ என்று பிள்ளையைத் தேய்த்துப் பார்க்க விட்டுவிடாதீர்கள்.