டீப் பர்பிள்: எந்த ஆல்பம் உசத்தி? கேட்டவர்களுக்குப் பதில்கள்

பழைய ஹார்ட் ராக் கேட்பவர்கள் நாலு பேர் கூடினால் டீப் பர்பிள் சண்டை வராமல் இருக்காது. வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். புதியவர்களுக்கு ஒரு தகவல்: 1968இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்தக் குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்ததால் மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டுத்தான் பேசுவோம். கிட்டார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பெய்ஸ், பேஸ் ராஜர் குளோவர், குரல் இயன் கில்லன். இந்த ஐவர் கூட்டணி மார்க் 2. சண்டை பெரும்பாலும் இவர்களை வைத்துத்தான்.

கேள்வி: 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தவிர வேறு எதுவும் கேட்டதில்லை அண்ணா. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று நாள் மேடையில் வாசித்ததைப் பதிவு செய்தது. ஜப்பானில் மட்டும் வெளியிடுவதாகத்தான் முதலில் பேச்சு. மொத்தமே ஏழு பாட்டு, ஆனால் இரட்டை இசைத்தட்டு. கடைசியில் வரும் 'ஸ்பேஸ் டிரக்கின்' மட்டும் கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஓடும். ஸ்டுடியோவில் நாலரை நிமிடத்தில் முடிந்த அதே பாட்டுதான்! 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டில் பிளாக்மோர் கிட்டாரில் ஒரு துண்டு வாசிக்க, கில்லன் அதையே தொண்டையில் திருப்பித் தருவார். இப்படியே மாறி மாறிப் போய், கடைசியில் கில்லன் ஒரு அலறல் விடுவார் பாருங்கள்! அதைக் கேட்ட பிறகும் இந்தக் குழு பிடிக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், உலகத்தில் வேறு குழுக்கள் நிறைய இருக்கின்றன.

கேள்வி: சரி, மேடைப் பதிவை விடுங்கள். ஸ்டுடியோ ஆல்பங்களில் 'மெஷின் ஹெட்' தானே முதலிடம்? இதில் சந்தேகம் வேறு உண்டா?

பதில்: எனக்கு உண்டு. என் ஓட்டு 1970இல் வந்த 'இன் ராக்' ஆல்பத்துக்கு. காரணம் சொல்கிறேன். 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ஜான் லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு தனி வாசிப்பும் சேரும் நீண்ட இசைப் படைப்பு) ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தார்கள். பேர் கிடைத்தது, ஆனால் 'ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கிற கோஷ்டி' என்ற முத்திரையும் கூடவே ஒட்டிக்கொண்டது. பிளாக்மோருக்கு அது ஆகவில்லை. அந்த எரிச்சல் முழுக்க 'இன் ராக்' ஆல்பத்தில் இறங்கியிருக்கிறது. முதல் பாட்டு 'ஸ்பீடு கிங்' ஒரே இரைச்சலோடு தொடங்கும். ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று நீங்கள் எழுந்திருக்கும்போது, தேவாலயத்தில் வாசிக்கிற மாதிரி ஆர்கன் அமைதியாக வரும். அப்புறம் அடி. கடைசிப் பாட்டு 'ஹார்ட் லவின் மேன்' குதிரை ஓட்டத்தில் போகும். பின்னாளில் மெட்டல் குழுக்கள் பிழைப்பு நடத்திய தாளம் அது.

ஜான் லார்டின் ஆர்கனைத் தனியாகக் கவனியுங்கள். ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனைக் கொண்டுபோய், கிட்டாருக்குப் பயன்படும் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் சொருகியவர் அவர். அதனால்தான் பல இடங்களில் கிட்டார் எது, ஆர்கன் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிட்டாருக்கு ஆர்கன் பின்னணி வாசிக்கிற குழு அல்ல இது, இரண்டும் மல்லுக்கு நிற்கிற குழு. எந்த ஆல்பத்தில் அந்த மல்யுத்தம் உச்சத்தில் இருக்கிறதோ அதுதான் என் கணக்கில் நல்ல ஆல்பம்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் ஒரு பாட்டைக்கூட தள்ள முடியாது. 'இன் ராக்' ஆல்பத்தில் 'லிவிங் ரெக்' மாதிரி சுமாரானவை இருக்கின்றனவே?

பதில்: 'லிவிங் ரெக்' விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் 'நெவர் பிஃபோர்' பாட்டை நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், தள்ள முடியாதா? இதில் வேடிக்கை என்னவென்றால், ஹிட் ஆகும் என்று நம்பி அதைத்தான் முதலில் சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) விட்டார்கள். அதே ஆல்பத்தில் இருந்த 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1973இல் அமெரிக்காவில் சிங்கிளாக வந்து நான்காம் இடம் வரை போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. மற்றபடி 'ஹைவே ஸ்டார்', 'பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்', 'லேசி' மூன்றுக்கும் தலை வணங்குகிறேன்.

கேள்வி: 'ஸ்மோக்' பாட்டில் வருகிற தீ விபத்து நிஜமா, கதையா?

பதில்: வரிக்கு வரி நிஜம். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரத்து கேசினோவில் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிவு செய்யப் போயிருந்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோ வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். 4ஆம் தேதி அங்கே அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் சாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவன் ஃப்ளேர் (வெளிச்சக் குண்டு) துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கட்டடமே எரிந்து போனது. ஜெனீவா ஏரியின் மேல் பரவிய புகைதான் பாட்டின் தலைப்பு. சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து எழும்போது குளோவர் வாயில் வந்த வார்த்தைகள் அவை. பாட்டில் வரும் 'ஃபங்கி கிளாட்', மான்ட்ரோ ஜாஸ் விழாவை நடத்திய கிளாட் நோப்ஸ். உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளைகளை வெளியே இழுத்து வந்தவர்.

அடுத்து பெவிலியன் என்ற அரங்குக்குப் போனார்கள். ராத்திரியில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உதவியாட்கள் கதவை உள்ளேயிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, குழு வாசித்து முடித்தது. அப்படிப் பதிவானதுதான் 'ஸ்மோக்' பாட்டின் இசை. மீதியெல்லாம் குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலில், தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கிச் சத்தத்தைக் கட்டுப்படுத்திப் பதிந்தவை. வாசித்ததைப் போட்டுக் கேட்க வேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் கடந்து வெளியே நிற்கும் வண்டிக்குப் போக வேண்டும். சலித்துப்போய், கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

கேள்வி: 'ஸ்மோக்' பாட்டின் அந்த ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) நான் வாசித்தால் கேசட்டில் இருக்கிற மாதிரி வருவதில்லை சார். விரல் சரியாகத்தான் போகிறது.

பதில்: பவர் கார்டாக (ராக் கிட்டாரில் வழக்கமாகப் பிடிக்கும் சுரக்கூட்டாக) பிடிக்கிறீர்கள், அதுதான் கோளாறு. நான்காவது, மூன்றாவது கம்பிகள் இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும். இரண்டையும் திறந்து விட்டு ஒன்று, மூன்றாம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்), ஐந்தாம் ஃப்ரெட். முக்கியமாக, பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) கீழே வையுங்கள். பிளாக்மோர் இரண்டு கம்பியையும் விரலால் ஒரே நேரத்தில் பிடுங்குவார். பிக்கால் அடித்தால் ஒன்றன்பின் ஒன்றாக விழும், அந்தக் கனம் வராது. இதையெல்லாம் செய்தும் ஒல்லியாகக் கேட்டால் உங்கள் மேல் தப்பில்லை. லார்டின் ஆர்கனும் அதே ரிஃபைச் சேர்ந்து வாசிக்கிறது.

கேள்வி: 'இன் ராக்' ஆல்பத்தில் வரும் 'சைல்ட் இன் டைம்' திருட்டு மெட்டு என்கிறார்களே?

பதில்: ஆர்கன் தொடக்கம் கடன் வாங்கியதுதான், அவர்களே மறைத்ததில்லை. சான்ஃபிரான்சிஸ்கோ குழுவான 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' 1969இல் வெளியிட்ட ஆல்பத்தில் 'பாம்பே காலிங்' என்று ஒரு வாத்திய இசை உண்டு. வயலின் முன்னால் நிற்கும், வேகமாகப் போகும். லார்ட் அதை ஆர்கனில் மெதுவாக்கினார். பதிலுக்கு அவர்களும் பர்பிளின் 'ரிங் தட் நெக்' பாட்டை எடுத்துத் தங்கள் அடுத்த ஆல்பத்தில் போட்டுக்கொண்டார்கள். கணக்கு நேர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அந்த மெட்டின் மேல் கில்லன் முனகலில் தொடங்கி ஓலம் வரைக்கும் ஏறுவது முழுக்கப் பர்பிளின் சொத்து.

கேள்வி: கவர்டேல் பாடியதெல்லாம் டீப் பர்பிளே இல்லை என்பது என் கட்சி. சரியா?

பதில்: தப்பு. 1974இல் வந்த 'பர்ன்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் இயன் பெய்ஸ் மூச்சு விடாமல் உருட்டுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள். கில்லன் போன பிறகு அந்த இடத்துக்கு வந்த டேவிட் கவர்டேல் அதுவரை துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு உள்ளூர்க் குழுக்களில் பாடிக்கொண்டிருந்தவர். கூடவே, குளோவர் இடத்தில் பேஸ் வாசித்துக்கொண்டு பாடவும் செய்யும் க்ளென் ஹியூஸ். இரட்டைக் குரல் என்பது பர்பிளுக்குப் புதுசு. ஆனால் அதே வருடக் கடைசியில் வந்த 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஃபங்க் (தாளத்தை முன்னிறுத்தும் அமெரிக்க ஆட்ட இசை) பக்கம் சாய்ந்தது, பிளாக்மோர் வெறுத்துப்போய் 1975இல் கிளம்பி ரெயின்போ குழுவைத் தொடங்கினார். 'ஸ்டார்ம்பிரிங்கர்' விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சியில் பாதி உண்மை இருக்கிறது.

கேள்வி: 'ஃபயர்பால்' பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை?

பதில்: 'இன் ராக்', 'மெஷின் ஹெட்' இரண்டுக்கும் நடுவில் 1971இல் பிறந்த பிள்ளை, வேறென்ன. கில்லனுக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம். 'நோ ஒன் கேம்' பாட்டில் அவர் வரிகளைக் கேட்டால் காரணம் புரியும்.

கேள்வி: பிளாக்மோரா, ஸ்டீவ் மோர்ஸா?

பதில்: 1984இல் மார்க் 2 மறுபடி கூடி 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தந்தபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். பிளாக்மோர் 1993இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே போய்விட்டார். 1994இல் சேர்ந்த மோர்ஸ் 2022 வரை இருந்தார். வருடக் கணக்குப் பார்த்தால் பிளாக்மோரைவிட அதிகம். 1996இன் 'பர்பெண்டிகுலர்' ஆல்பத்தில் 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்' ஒன்று போதும், அவரை யாரும் வாடகைக் கிட்டாரிஸ்ட் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கேள்வி நேராகக் கேட்டதால் நேராகச் சொல்கிறேன்: பிளாக்மோர். மோர்ஸ் எப்போதும் சரியாக வாசிப்பார். பிளாக்மோர் இன்றைக்கு என்ன செய்வாரோ என்ற பயம் கூட வாசிக்கிறவர்களுக்கே இருக்கும், அது பாட்டில் கேட்கும்.

கேள்வி: வீட்டில் சத்தம் ஆகாது. மெதுவான பாட்டு ஏதாவது உண்டா?

பதில்: இரண்டு. 'வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்', 'மெஷின் ஹெட்' சமயத்தில் பதிந்தும் ஆல்பத்தில் சேர்க்காமல் சிங்கிளின் பின்பக்கம் தள்ளிய பாட்டு. அந்த இடத்தில் 'நெவர் பிஃபோர்' இருக்கிறது என்பதை மேலே சண்டை போட்ட நண்பர் கவனிக்கவும். இன்னொன்று நான் குறை சொன்ன 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்'. மூன்றே கால் நிமிடம், கவர்டேல் தாழ்ந்த குரலில் பாடுவார். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.