400 குதிரைத்திறன் ரியர் வீல் டிரைவ் காரைப் பனியில் ஓட்டலாமா?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் 400 குதிரைத்திறன் ரியர் வீல் டிரைவ் (எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும்) கார் ஒன்று வாங்கினேன். போன வாரம் லேசாகப் பனி பெய்திருந்தது. சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பியதும் வண்டியின் பின்பக்கம் அப்படியே ஓரமாக இழுத்துக்கொண்டு போனது. டிக்கியில் மணல் மூட்டை போடு என்கிறார் ஒரு நண்பர். பனிக்காலம் முடியும்வரை வண்டியையே எடுக்காதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: ஓட்டலாம். ஆனால் வண்டியில் என்ன டயர் மாட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்த வகைக் கார்கள் பெரும்பாலும் கோடைக்கால டயரோடுதான் வரும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும். காலையில் வண்டி எடுக்குமுன் டயரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அப்போது பனியே தேவையில்லை, குளிர்ந்த ஈரச் சாலையே வழுக்கிவிடும்.

அதனால் உங்கள் முதல் செலவு குளிர்கால டயர். பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் போதாது, அதற்குப் பனிச் சோதனை கட்டாயமில்லை. நான்கையும் மாற்ற வேண்டும். பின்னால் இரண்டை மட்டும் மாற்றினால் கிளம்பும்போது நன்றாக இருக்கும், ஆனால் வளைவில் முன்சக்கரம் திரும்பாமல் நேரே போகும். உற்பத்தியாளர் அனுமதித்தால் சற்றுக் குறுகலான அளவே நல்லது, அது பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கும். டயர் வரிகளின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனியில் அதை நம்பாதீர்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் 2 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும், அதையும் பாருங்கள்.

இனி சிக்னலில் நடந்தது. ஒரு டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரே கையிருப்புதான். வண்டியைத் தள்ளவும், பக்கவாட்டில் நழுவாமல் நிற்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்சக்கரம் வெறுமனே சுழன்றது, கையிருப்பு முழுக்க அங்கேயே தீர்ந்தது. சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருக்கும் அல்லவா? அந்தச் சரிவில் பின்பக்கம் இறங்கிவிட்டது. இரண்டாவது கியரில், அல்லது ஸ்னோ மோடில், பெடலுக்கும் காலுக்கும் நடுவே ஒரு முட்டை இருப்பது போல் மிதித்துக் கிளம்புங்கள்.

பலரும் வண்டியைச் சுற்றவிடுவது வேகத்தால் அல்ல, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுப்பதால். எடுத்ததும் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகிவிடும். காலை எடுத்ததும் எஞ்சினே வண்டியை மெதுவாக்கும் எஞ்சின் பிரேக்கிங்கோ பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். வளைவில் இது நடந்தால் வால் வீசும். பின்சக்கர மின்சாரக் காரிலும் இதே கதைதான், ரீஜென் (காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை மெதுவாக்கி மின்சாரம் சேர்ப்பது) அளவைக் குறைத்து வையுங்கள். எனவே வளைவுக்கு முன்பே, நேரான சாலையிலேயே வேகத்தைக் குறையுங்கள். மீறிப் பின்பக்கம் நழுவினால் காலை மெதுவாகத் தளர்த்தி, போக வேண்டிய இடத்தைப் பார்த்து, பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பிடிப்பு கிடைத்ததும் உடனே நேராக்குங்கள், தாமதித்தால் வண்டி மறுபக்கம் வீசும். முழுக்கக் கைமீறிவிட்டால் பிரேக்கை முழு அழுத்தமாக மிதியுங்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும்.

டாஷ்போர்டில் மஞ்சள் சறுக்கல் விளக்கு மின்னுவது நீங்கள் எல்லையைத் தாண்டுகிறீர்கள் என்பதற்கான எச்சரிக்கை. சறுக்கலைக் கட்டுப்படுத்தும் அந்த அமைப்பை அணைக்காதீர்கள். ஆழமான பனியில் சிக்கி நகரவே முடியாதபோது மட்டும், சக்கரம் வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்து, வெளியே வந்ததும் போட்டுவிடுங்கள். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் பக்கமே போக வேண்டாம்.

மணல் மூட்டையா? பழைய லேசான வண்டிகளில் கிளம்ப உதவியது உண்மை. உங்கள் காரில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் பிரேக் நிறுத்த வேண்டும், கட்டாத மூட்டை மோதலில் முன்னால் பாயும். ஒரு சிறிய பை மணல் மட்டும் வைத்திருங்கள், சிக்கினால் பின்சக்கரத்தடியில் தூவலாம்.

இன்னொரு நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தரையில் விழுந்ததும் பனிக்கட்டியாகும் உறைமழை பெய்யும் நாளிலும், பம்பர் உயரத்துக்குப் பனி கிடக்கும் நாளிலும் வண்டியை எடுக்காதீர்கள். பனிக்கட்டி படிந்த சாலையில் பிரேக் போட்டு நிற்கும் தூரம் பத்து மடங்கு வரை போகலாம், அங்கே எந்த டிரைவும் காப்பாற்றாது. பாலங்கள் முதலில் உறையும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய வெப்பநிலைதான் மிக மோசமாக வழுக்கும், பனிக்கட்டி மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால்.

டயர் மாட்டியதும், அனுமதி உள்ள ஒரு காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் பழகுங்கள். பிரேக்கை முழுதாக மிதித்து ஏபிஎஸ் காலடியில் துடிப்பதை உணருங்கள். பிறகு வட்டமடித்தபடி பெடலைத் துளித்துளியாகக் கூட்டுங்கள். பின்பக்கம் நழுவத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் முன் இடுப்புக்குத் தெரியும். அந்த உணர்வு பிடிபடும்வரை நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம்.