ஆங்கிலத்தில் ‘மே’, ‘மைட்’, ‘ப்ராபப்ளி’, ‘லைக்லி’: எதை எங்கே சொல்வது?

நேர்காணல் முடிந்ததும் “முதல் தேதி வேலைக்குச் சேர்ந்துவிடுவீர்களா?” என்று நிறுவனத்தார் மின்னஞ்சலில் கேட்க, ‘ஐ மே ஜாயின்’ என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். இவருக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று அவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். இந்தச் சொற்களில் எது எவ்வளவு உறுதி என்பது உங்கள் கேள்வி. உங்கள் மின்னஞ்சலுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் என் கதை. உங்களுடையதைவிடச் செலவு வைத்த கதை.

பல வருடங்களுக்கு முன் கோவையில் பம்ப் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் பிரிவில் இருந்தேன். இங்கிலாந்து வாடிக்கையாளர் ஒருவர், பேரிங் சூடாகிறது என்று படங்களோடு எழுதியிருந்தார். சீல் கசிந்து தண்ணீர் பேரிங்குக்குள் போகிறது என்று எனக்குச் சந்தேகம். சந்தேகத்துக்கு ஆங்கிலம் ‘டவுட்’தானே! ‘ஐ டவுட் தி சீல் இஸ் லீக்கிங்’ என்று ஒற்றை வரி எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். “நல்லது, அப்படியானால் ஓடட்டும்” என்று பதில் வந்தது. துணிச்சலான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் பேரிங் இறுகிப்போய், ஷாஃப்ட்டும் கெட்டது.

அவர் மேல் தவறே இல்லை. ஆங்கிலத்தில் ‘டவுட்’ என்றால் “அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்”. நான் எழுதியிருக்க வேண்டியது ‘சஸ்பெக்ட்’: “அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்”. தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது. “அவன் வருவது சந்தேகம்தான்” என்றால் வரமாட்டான். “அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்” என்றால் எடுத்திருப்பான். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை நமக்கு வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லையே மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் கை தூக்கி “சார், ஒரு டவுட்” என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம், அதனால் இந்தக் குழியில் விழாதவர் குறைவு. ஒரே ஆறுதல், ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் ‘ஐ டவுட்’ என்றால் “அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது” என்று பொருள். என் வாடிக்கையாளர் அந்த ஊர்க்காரராக இருந்திருந்தால் ஒரு பேரிங் பிழைத்திருக்கும்.

சரி, உங்கள் ‘மே’. நம் தொல்லைக்கெல்லாம் வேர் ‘லாம்’ விகுதி. “வரலாம்” என்பது அனுமதியும் ஆகும், ஊகமும் ஆகும். “போகலாம்” என்றால் கிளம்புவோம் என்று அழைப்பும் ஆகும். இத்தனைக்கும் சேர்த்துப் பள்ளியில் நமக்குக் கொடுத்தது ‘மே’ ஒன்றுதான். ஆனால் ஆங்கிலக் காதில், தன் சொந்தச் செயலைப் பற்றி ஒருவர் ‘மே’ என்று சொன்னால், “சேராமலும் போகலாம்” என்ற மறுபாதிதான் உரக்கக் கேட்கும். ‘மைட்’ அதைவிட ஒரு பிடி குறைவு என்பார்கள். சில கையேடுகள் ‘மே’ ஐம்பது சதவீதம், ‘மைட்’ முப்பது சதவீதம் என்று அட்டவணையே போட்டிருக்கும். நம்பாதீர்கள். அன்றாடப் பேச்சில் பலர் இரண்டையும் வேறுபாடின்றித்தான் புழங்குகிறார்கள்.

‘கேன்’ விஷயம் அப்படியல்ல. “ஊட்டியில் ஏப்ரலிலும் குளிரும், அது அந்த ஊரின் சுபாவம்” என்றால் ‘கேன்’ சரி. “நாளைக்கு மழை வரலாம்” என்ற குறிப்பிட்ட ஊகத்துக்கு ‘இட் கேன் ரெயின் டுமாரோ’ என்பது தவறு. ‘மே’, ‘மைட்’, ‘குட்’ (could) மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுபாவத்துக்குக் ‘கேன்’, சம்பவத்துக்குக் ‘குட்’ என்று நான் மனத்தில் வைத்திருக்கிறேன்.

நம் எதிர்காலமும் சும்மா இருப்பதில்லை. “மணி பத்து இருக்கும்”, “அவர் இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்” என்கிறோமே, இவற்றில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? இது ஊகம். அதை அப்படியே ‘வில்’ என்று பெயர்த்தால் அளவுக்கு மீறிய உறுதி வந்துவிடும். இங்கே பொருந்துவது ‘மஸ்ட்’. வாசலில் செருப்பு கிடக்கிறது, ஆகவே ஆள் உள்ளேதான் இருக்கிறார்: ‘ஹி மஸ்ட் பி அட் ஹோம்’. செருப்பைக் காணோம் என்றால் ‘மஸ்ட் நாட்’ என்று எழுதத்தான் கை போகும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதன் எதிர்மறை ‘கான்ட்’. ‘ஹி கான்ட் பி அட் ஹோம்’ என்றால் அவருக்கு வீட்டில் இருக்கத் திராணி இல்லை என்று பொருளல்ல. இருக்க வழியே இல்லை என்று பொருள்.

எனக்குப் பிடித்தது ‘ஷுட்’. கடமையைச் சொல்லும் அதே சொல், காரணத்தோடு கூடிய எதிர்பார்ப்பையும் சொல்லும். ‘தி பஸ் ஷுட் பி ஹியர் பை சிக்ஸ்’ என்றால், வழக்கமாக வரும் பஸ், வழியில் தடங்கல் இல்லை, ஆறுக்குள் வந்துவிட வேண்டும். தமிழிலும் “வந்துவிட வேண்டும்” என்றே சொல்கிறோம் பாருங்கள். அபூர்வமாக இரண்டு மொழியும் ஒன்றாக நடக்கும் இடம் இது. ஆனால் விரும்பத்தக்க செய்திக்கு மட்டுமே இது ஒத்துவரும். “நோயாளிக்குக் காய்ச்சல் ஏற வேண்டும்” என்பது போல் ‘ஷுட்’ போட்டு எழுதினால் நீங்கள் அதற்காகக் காத்திருப்பதாகத் தொனிக்கும். கெட்ட செய்திக்கு ‘லைக்லி’ வைத்துக்கொள்ளுங்கள்; தப்பவே முடியாது என்றால் ‘பௌண்ட் டு’.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று. ‘ஹி இஸ் லைக்லி டு கம்’ சரி. அதே அச்சில் ‘ஹி இஸ் பாசிபிள் டு கம்’ என்று வார்க்க முடியாது. ‘இட் இஸ் பாசிபிள் தட்’ என்று தொடங்க வேண்டும். ‘ப்ராபபிள்’ என்பதற்கும் இதே விதி.

இனி அலுவல் எழுத்து. இங்கே நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் படிப்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ பட்ட பாட்டைச் சொல்கிறேன். 1951 மார்ச்சில், அந்த ஆண்டு யூகோஸ்லாவியா மீது சோவியத் அணியைச் சேர்ந்த நாடுகள் படையெடுக்குமா என்று ஓர் அறிக்கை தயாரித்தார்கள். தாக்குதல் ஒரு ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்று முடித்திருந்தார்கள். வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர், மதிப்பீட்டுப் பிரிவில் இருந்த ஷெர்மன் கென்ட்டிடம், “இதற்கு என்ன அர்த்தம்?” என்று பேச்சுவாக்கில் கேட்டார். கென்ட் யேல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். தாக்குதல் நடக்க நூற்றுக்கு 65 வாய்ப்பு என்றார். கேட்டவர் அதிர்ந்துபோனார், அவரும் அவருடைய ஆட்களும் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார்கள். கென்ட் திரும்பிவந்து, அறிக்கையை ஒன்றாக உட்கார்ந்து ஒப்புக்கொண்ட தன் சகாக்களையே விசாரித்தார். ஒருவர் 80 என்றார், இன்னொருவர் 20 என்றார். சொல்லில் எல்லோரும் ஒத்துப்போனார்கள், பொருளில் ஒருவரும் ஒத்துப்போகவில்லை. படையெடுப்பு நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1964இல் கென்ட் இதைக் கட்டுரையாக எழுதி, ‘ப்ராபபிள்’ என்றால் 75 சதவீதம், பன்னிரண்டு கூடக் குறைய இருக்கலாம் என்பது போல ஒவ்வொரு சொல்லுக்கும் எண் ஒதுக்கிப் பார்த்தார். அன்று அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. பிற்காலத்தில் வேறு துறைகள் அதே வழிக்கு வந்து சேர்ந்தன. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு அறிக்கையில் ‘லைக்லி’ என்றால் 66 சதவீதமும் அதற்கு மேலும். ‘வெரி லைக்லி’ 90க்கு மேல். ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ 95க்கு மேல். அண்மைக்கால வெப்ப உயர்வுக்குப் பெருமளவு காரணம் மனிதர்களே என்பதற்கு 2001 அறிக்கை முதல் சொல்லையும், 2007 இரண்டாவதையும், 2013 மூன்றாவதையும் போட்டன. 2021இல் வெப்பமாக்கியது மனிதர்களே என்பதில் ஐயத்துக்கே இடமில்லை என்று எழுதி ஏணியை எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு அடைச்சொல் மாறியதில் இருபது வருட ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது.

மருந்தோடு வரும் தகவல் தாளில் அதே எச்சரிக்கை வேறு விதமாக வேண்டும். ஐரோப்பிய வழக்கத்தில் பக்கவிளைவு ‘காமன்’ என்று போட்டிருந்தால் நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை என்று கணக்கு. அன்றாடப் பொருளில் படித்தால் பாதிப் பேருக்கு வரும் என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவோம். ஆக, ஒரு துறையில் எழுதும்போது அந்தத் துறையின் அகராதியை முதலில் கேளுங்கள். அகராதி இல்லாத இடத்தில் நான் சொல்லோடு எண்ணையும் எழுதிவிடுகிறேன்: சீல் கசிவதாகச் சஸ்பெக்ட் செய்கிறேன், நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு, காரணம் இன்னது. “இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்?” என்று மேலாளர்கள் முகம் சுளித்ததுண்டு. துல்லியம் இல்லைதான், ஆனால் மறுமுனையில் இருப்பவர் 20 என்று படிக்கமாட்டார்.

இப்போது உங்கள் மின்னஞ்சல். சேருவது உறுதி என்றால் ‘ஐ வில் ஜாயின் ஆன் தி ஃபர்ஸ்ட்’, அவ்வளவுதான். பணிவு கருதி ‘மே’ சேர்க்கத் தேவையில்லை. பழைய இடத்தில் விடுவிப்புக் கடிதம் வர வேண்டியிருக்கிறது என்றால் ‘ஐ எக்ஸ்பெக்ட் டு ஜாயின் ஆன் தி ஃபர்ஸ்ட்’ என்று எழுதி, கடிதம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பதை ஒரு ‘ஷுட்’ போட்டுச் சேர்த்துவிடுங்கள். இன்றே எழுதுங்கள். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். இந்த ‘லாம்’ வெறும் ‘மைட்’தான், ‘மஸ்ட்’ அல்ல.