மகள் வரலாறு படிக்கிறேன் என்கிறாள், சேர்க்கலாமா?

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் ஆச்சிக்கு வணக்கம்.

மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து நன்றாகவே எழுதியிருக்கிறாள். பி.காம். சேர்த்துவிட்டு அப்படியே சி.ஏ. பக்கம் தள்ளிவிடலாம் என்று நீங்களும் அவள் அப்பச்சியும் (அவளைப் பெற்ற அப்பா) பேசி வைத்திருந்தீர்கள். இப்போது அவள் பி.ஏ. வரலாறுதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ஒரு வருஷமாக வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி என்று பெரிய பெரிய பெண்களின் கதையாகவே படிக்கிறாள். இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பத்தா வேறு பேத்தி பக்கம் சேர்ந்துவிட்டார்களாம். ஆக வீட்டில் ஓட்டு இரண்டுக்கு இரண்டு.

சோற்றுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.ஏ. வரலாறு சோறு போடாது. வெறும் பி.காமும் போடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டுமே மூன்று வருஷப் படிப்பு, இரண்டுக்கும் மேலே இன்னொன்று ஏறினால்தான் வேலை. அந்த மேல்படிப்பு வரைக்கும் பிள்ளைக்குப் பிடிப்பு இருக்குமா என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. பெரிய பெண்களின் வாழ்க்கையைப் படிக்கப் பிடிப்பது வேறு, வரலாறு என்ற பாடத்தைப் படிக்கப் பிடிப்பது வேறு. இரண்டும் ஒன்று என்று அவளும் நினைக்கிறாள், நீங்களும் நினைக்கிறீர்கள். அவர்கள் செய்த காரியத்தைப் பார்த்து, தானும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் ஒரு வகை. அவர்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரிய வந்தது, எந்த ஏட்டில் இருக்கிறது, யார் எழுதி வைத்தது என்று குடையும் பிள்ளைகள் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குத்தான் வரலாறு. முதல் வகைக்குச் சட்டமோ நிர்வாகமோ பொருந்தும். உங்கள் மகள் எந்த வகை என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

முத்துலட்சுமி ரெட்டியையே எடுத்துக்கொள்வோம், நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் கல்வித்துறைக்காரர், அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அம்மாவுக்குப் பெண்ணைக் காலத்தோடு கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. பெண்ணுக்கோ படிக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது கல்லூரிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய் வந்திருக்கிறார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம். கல்யாணத்தையும் தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று பேசிக்கொண்ட பிறகுதான் 1914-ல் செய்துகொண்டார். அப்புறம் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார், 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கை புற்றுநோயில் இறந்ததை மறக்காமல், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்படும் வரை விடவில்லை.

இதை மகளிடம் சொல்லிவிட்டு, இதில் உனக்கு எந்த இடம் பிடித்தது என்று சும்மா கேளுங்கள். மேலவையில் எழுந்து நின்று பேசிய இடம் என்றால் மனம் சட்டம், நிர்வாகம் பக்கம் இருக்கிறது. "மூடிய வண்டியில் போனார் என்று யார் சொன்னது? அவரே எழுதினாரா? அந்தக் கல்லூரிப் பதிவேடு இன்னும் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டால், ஆச்சி, பி.காம். ஆசையை மூட்டை கட்டிவிடலாம். (மருத்துவம் பிடித்திருக்கிறது என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. காமர்ஸ் எடுத்ததோடு அந்தக் கதவு மூடிவிட்டது.)

வாயால் கேட்பது மட்டும் போதாது. ரிசல்ட் வருவதற்குள் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். யாராவது ஒரு பெண்மணியைப் பற்றி, நாலு பக்கம், ஒவ்வொரு தகவலுக்கும் அது எங்கிருந்து கிடைத்தது என்று ஓரத்தில் குறித்து எழுதச் சொல்லுங்கள். வேலு நாச்சியார் என்றால் காளையார்கோவில் உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். 1772-ல் அங்கே நடந்த சண்டையில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, நாச்சியார் திண்டுக்கல் சீமையில் விருப்பாச்சிப் பக்கம் எட்டு வருஷம் இருந்து, ஹைதர் அலியின் துணையோடு 1780-ல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார் என்பது எல்லோரும் சொல்வது. கூடவே நாச்சியாரின் படையில் இருந்ததாகச் சொல்லும் குயிலியின் கதை வரும், உடம்பில் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தது. நாச்சியாருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் ஆவணங்கள் துணைக்கு இருக்கின்றன. குயிலியைப் பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் நாம் அறிவோம். இந்த வித்தியாசம் கண்ணில் பட்டதும் அவளுக்கு எரிச்சல் வருகிறதா, சுவாரசியம் கூடுகிறதா என்று கவனியுங்கள். எரிச்சல் வந்தால் தப்பில்லை, நல்ல கதையை ரசிப்பவள் என்று அர்த்தம். ஆனால் மூன்று வருஷம் இதையே பாடமாகப் படித்தால் சலித்துவிடும்.

வெளியே போக வேண்டும் என்றுகூட இல்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இரண்டாம் கட்டு அறைகளில் என்னென்ன கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கல்யாணத்துக்குக் கொடுத்த சீர் எழுதிய பட்டியல், மொய் ஏடு, ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதம், வரவு செலவுப் பேரேடு. ஆண்கள் வருஷக்கணக்கில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய்விட, இங்கே வீட்டையும் வெள்ளாமையையும் கல்யாணம் காட்சிகளையும் நடத்தியது ஆச்சிமார்தான். 1942-ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்து பர்மா வரவு நின்றபோது எந்த நகை போனது, எது தங்கியது, வீட்டுச் செலவில் எது முதலில் குறைந்தது என்பதெல்லாம் இப்படிப்பட்ட ஏடுகளைப் புரட்டினால்தான் தெரியும். அப்பத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு பேரேட்டை மகள் படிக்கட்டும். காமர்ஸ் படித்த பிள்ளை, பற்று வரவு புரியும். உண்மையில் வரலாற்றுக்குப் போகிற மற்ற பிள்ளைகளிடம் இல்லாத சரக்கு இது, வணிகக் கணக்கைப் படிக்கத் தெரிந்த ஆய்வாளர் இந்தச் சீமைக்கு நிறையவே தேவை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைப் பற்றி அப்பத்தா கேள்விப்பட்டிருப்பார்கள். விளம்பரப் பலகை எழுதும் கடை வைத்திருந்தவர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய பெண்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் தேடிப் போகும் இடங்களில் அது ஒன்று. இன்னும் பக்கத்தில் வேண்டும் என்றால் புதுக்கோட்டை ஞானாலயா, ஒரு லட்சத்துக்கு மேல் புத்தகம். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுங்கள், எழுந்து வரமாட்டாள் என்றால் அதுவும் ஒரு விடைதான்.

சரி, வரலாறுதான் என்று முடிவானால் அப்புறம் என்ன வழி? பி.ஏ. முடித்து இரண்டு வருஷம் பி.எட்., பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட், சமூக அறிவியல் ஆசிரியர் வேலை. நிதானமான வழி, போட்டி அதிகம். எம்.ஏ. வரை போனால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே வரலாற்றுத் துறையும் இருக்கிறது, மகளிரியல் துறையும் இருக்கிறது. எம்.ஏ.வில் 55 சதவீதம் வாங்கி, கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வுகளான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். நெட் தேர்வில் மகளிரியல் தனிப் பாடமாகவே உண்டு. அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்துவிட்டால் ஆராய்ச்சியின் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. தொல்லியல், அருங்காட்சியகம் பக்கம் ஆசை என்றால் கீழடியும் நம் மாவட்டம்தான், மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பைப் பின்னால் பார்க்கலாம். கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியவர்களுக்கு ஊர்க் கதையைச் சரியாகச் சொல்லும் ஆள் வேண்டும். நல்ல இங்கிலீஷ் இருந்தால் அதில் சம்பாதிக்கலாம், ஆனால் அதையே நம்பிப் படிக்க வைக்காதீர்கள். சீசன் வேலை.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 இரண்டுக்கும் எந்தப் பட்டமும் போதும். வரலாறு படித்தவளுக்கு அந்தப் பாடத்திட்டத்தில் பாதி சுமை குறையும் என்று கோச்சிங் சென்டரில் சொல்வார்கள். பாதி இல்லை, கொஞ்சம் குறையும். விடுதலைப் போராட்டத்தில் பெண்களின் பங்கு அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஒரு வருஷமாக உங்களைத் தூங்கவிடாமல் அவள் படித்தது அங்கே உதவும்.

மேலவையில் பேசிய இடம்தான் பிடித்தது என்கிறவளாக இருந்தால் ஐந்து வருஷச் சட்டப் படிப்பைத்தான் சொல்வேன். காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது, காமர்ஸ் பிள்ளையும் சேரலாம். அவள் அப்பச்சியிடம் ஃபாத்திமா பீவியைப் பற்றிச் சொல்லுங்கள். வேதியியல் மேலே படிக்க நினைத்திருந்த பெண்ணை அப்பாதான் சட்டம் படிக்கச் சொன்னார். 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார், பிறகு நம் மாநிலத்துக்கே கவர்னராக வந்தார். பெற்றவர்கள் சொல்வதெல்லாம் தவறு என்று நான் சொல்லவே இல்லை, அந்த அப்பா பிள்ளையின் குணம் பார்த்துச் சொன்னார்.

"பொண்ணுக்கு எஞ்சினியரிங்தான் சேஃப் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். காமர்ஸ் எடுத்த பிள்ளைக்கு இப்போது அந்தப் பேச்சே தேவையில்லை. ஆனாலும் ஒரு விஷயம். 1940-களில் கிண்டியில் படித்து எஞ்சினியரான லலிதா, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். கல்லூரிக்காரர்கள் பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுப் பெண்பாலில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இன்று சேஃப் என்று சொல்லும் படிப்பில் அன்று பெண்ணுக்கென்று ஒரு படிவம்கூட இல்லை. மற்றவர்கள் சொல்வதை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பண விஷயம். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தாளா, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டில் ஒன்று என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் பட்டம் முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும், கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். தேவதாசி முறையிலிருந்து வெளியே வந்து, அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி, 1938-ல் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த இந்தி எதிர்ப்புப் பேரணியிலும் போனவர். யாரைப் பற்றி எழுதுவது என்று மகள் திணறினால் இவரைச் சொல்லுங்கள். முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிக் கிடைக்கும் அளவுக்கு எழுத்து இவரைப் பற்றிக் கிடைக்காது, தேட வேண்டியிருக்கும். தேடுகிறாளா என்பதுதானே நமக்கு வேண்டும்.

அரசு கலைக் கல்லூரிக்கும் சட்டப் படிப்புக்கும் விண்ணப்பம் தனித்தனி, கடைசித் தேதியும் வேறு வேறு. இரண்டையும் போட்டு வையுங்கள், பி.காமையும் விருப்பப் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், அப்பச்சிக்கு மனம் ஆறும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரிசல்ட் வந்த வாரம் அங்கே நிற்க இடம் இருக்காது. அவள் எழுதும் அந்த நாலு பக்கத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நீங்கள் திருத்தாமல், அடித்தல் கிறுக்கலோடு அப்படியே.