வாக்கில் முந்தியவர் பிரதிநிதிக் கணக்கில் பிந்துவது ஏன்?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் முதன்முறையாக டெமாக்ரடிக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் வாக்களிக்கப் போகிறேன். அதிக ஆதரவு பெற்றவருக்குக் குறைவான பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) கிடைத்ததுண்டு என்று கேள்விப்படும்போது, எண்ணிக்கையில் மோசடி நடக்கிறதோ என்ற ஐயம் எழுகிறது. அதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் வாக்கை எண்ணியதில் பிழையா, அல்லது எண்ணிய வாக்கைப் பிரதிநிதிகளாகப் பங்கிடும் விதியில் குறையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மோசடி என்று பேசப்படுபவற்றில் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

2008 ஜனவரியில் நெவாடா மாநிலத்தின் காகஸ் கூட்டங்களில் (கட்சியே நடத்தும், ஆதரவாளர்கள் நேரில் கூடித் தம் விருப்பத்தைத் தெரிவிக்கும் கூட்டங்கள்) ஹிலாரி கிளிண்டன் ஏறத்தாழ 51 விழுக்காடும் பராக் ஒபாமா 45 விழுக்காடும் பெற்றனர். ஆயினும் அன்றைய கணக்குப்படி தேசிய மாநாட்டுக்கான பிரதிநிதிகளில் ஒபாமாவுக்கு 13, கிளிண்டனுக்கு 12. இதில் யாரும் எதையும் திருத்தவில்லை. பிரதிநிதிகளில் பெரும்பகுதி தொகுதிவாரியாகப் பங்கிடப்படுவதே காரணம். நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்: இரண்டு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 1,00,000 வாக்குகள், ஒன்றுக்கு 4 பிரதிநிதிகள், மற்றதற்கு 3. முதல் தொகுதியில் ஒருவர் 61 விழுக்காடு பெற்றாலும் அவருடைய பங்கு 2.44தான், எதிராளியின் பங்கு 1.56. முழு எண்களைக் கொடுத்தபின் எஞ்சும் ஓர் இடம் பெரிய பின்னம் உள்ளவருக்குப் போவதால் அங்கே முடிவு 2-2. மூன்று பிரதிநிதிகள் உள்ள தொகுதியில் அதே எதிராளி 51 விழுக்காடு பெற்றால் போதும், 2-1 என்று வென்றுவிடுவார். மொத்தத்தில் 1,10,000 வாக்கு பெற்றவருக்கு 3 பிரதிநிதிகள், 90,000 பெற்றவருக்கு 4. இரட்டைப்படைத் தொகுதியில் பெரும் வெற்றிகூடப் பயன் தராமல் போவதும், ஒற்றைப்படைத் தொகுதியில் மயிரிழை வெற்றி ஓர் இடத்தைப் பெற்றுத் தருவதும் இப்படித்தான். இதோடு, 15 விழுக்காட்டைத் தொடாத வேட்பாளருக்குப் பிரதிநிதியே கிடையாது என்ற விதியையும் நினைவில் வையுங்கள்.

இந்த விதிகளைக் குறைசொல்லலாம். ஆனால் அவை வாக்களிப்புக்கு முன்பே எழுதி வெளியிடப்பட்டவை. நேர்மையைச் சோதிக்க நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அந்தச் சோதனையில் தேறாதது, என் கருத்தில், அதே ஆண்டின் மிச்சிகன் தீர்ப்பு. கட்சி அனுமதித்த நாளுக்கு முன்பே தேர்தல் நடத்தியதால் மிச்சிகனும் ஃபுளோரிடாவும் தம் பிரதிநிதிகள் அனைவரையும் இழந்தன. மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து ஒபாமா தம் பெயரை விலக்கிக்கொண்டார். பின்னர் 2008 மே 31 அன்று கூடிய கட்சியின் விதிகள் குழு, மிச்சிகன் பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு அரை வாக்கு என்று வைத்து, அவர்களைக் கிளிண்டனுக்கு 69, ஒபாமாவுக்கு 59 எனப் பிரித்தது. வாக்குக் கணக்கின்படி கிளிண்டனுக்கு 73 பேர் வரவேண்டும். எந்த வேட்பாளரையும் குறிப்பிடாமல் 'யாரையும் சாராதவர்' என்று போடப்பட்ட வாக்குகளுக்கு உரிய 55 பேரோடு, கிளிண்டனின் நால்வரும் ஒபாமா பக்கம் சேர்க்கப்பட்டனர். சமரசத்துக்காகச் செய்தார்கள் என்பது உண்மையே. ஆனால் வாக்களித்து முடித்தபின் வகுத்த பங்கீட்டை வாக்காளர் எப்படி ஏற்பார்?

செய்தி நிறுவனங்களின் எண்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் பதற வேண்டாம். சூப்பர் டெலிகேட்டுகளை (வாக்காளர் முடிவுக்குக் கட்டுப்படாமல், கட்சிப் பதவியாலேயே மாநாட்டில் இடம்பெறும் தலைவர்கள்) சேர்த்துச் சொல்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். 2018இல் விதி மாறிய பிறகு, போட்டி இன்னும் முடிவாகாத மாநாட்டில் முதல் சுற்றில் அவர்கள் வாக்களிக்க முடியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் மாநிலக் கட்சி வெளியிட்டுள்ள பிரதிநிதித் தேர்வுத் திட்டத்தை முன்கூட்டியே படித்து, உங்கள் தொகுதிக்கு எத்தனை இடங்கள் என்று குறித்துவையுங்கள். உங்கள் மாநிலத்தில் அரசு நடத்தும் பிரைமரி (வாக்குச்சீட்டு வழியே வேட்பாளரைத் தேர்வதற்கான தேர்தல்) என்றால், எண்ணிக்கை பற்றிய புகாரை உள்ளூர்த் தேர்தல் அலுவலகத்திடமும் பங்கீடு பற்றிய புகாரைக் கட்சியிடமும் கொடுக்க வேண்டும். காகஸ் என்றால் இரண்டுமே கட்சியின் பொறுப்பு. அங்கே பிழையைக் கண்டால் முடிவுத்தாள் நிறைவாகும் முன்பே எழுந்து சொல்லிவிடுங்கள். 2020இல் அயோவாவில், கூட்டத் தலைவர்கள் கையெழுத்திட்ட தாள்களிலிருந்த கணக்குப் பிழைகளைக்கூடத் தானாகத் திருத்தச் சட்டம் இடந்தராது என்று மாநிலக் கட்சி கைவிரித்துவிட்டது.